குதிரில் ஆறு மூட்டை

குழம்பு தண்ணியாக இருந்தால் அயீனே அடிப்பான். கெட்டியாக இருந்தாலும் அடிப்பான். தண்ணிக் குழம்புக்குக் கையால் விழும். கெட்டிக் குழம்புக்குக் கையில் எது அகப்படுகிறதோ அதால் விழும். குழம்பு கெட்டியாக இருந்தால் அதில் கருவாடு கிடக்கிறது; கருவாடு கிடந்தால் பெண்டாட்டியிடம் காசு இருக்கிறது; காசு இருந்தால் கொடுத்தவன் எவன் என்பது அவன் கணக்கு.

களிக்குக் கம்பு அளப்பது புருஷன் பொறுப்பு. குழம்புக்கு வழி பார்ப்பது பெண்டாட்டி பொறுப்பு. போங்கோ ஊர்ப் பக்கத்தில் எந்த வளவுக்குள் போய்ப் பார்த்தாலும் இதுதான் நடைமுறை. அயீனேவின் மூத்த பெண்டாட்டி அயின்போக்கா சோளத்தை முளைகட்டி, பிட்டோ என்கிற கள் காய்ச்சிச் சந்தையில் குடுக்கை குடுக்கையாக ஊற்றி விற்றாள். குழம்புச் செலவு அதிலிருந்துதான். இளைய பெண்டாட்டி தலாட்டா கூடை பின்னி விற்றாள். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு பேரும் மாறி மாறிப் புருஷனுக்குச் சமைத்தார்கள்.

இந்த வருஷம் இரண்டு பேருக்குமே மூச்சு முட்டியது. எண்ணெயைப் புட்டியில் வாங்கிய காலம் போய், விரல் தண்டிப் பையில் முடிச்சுப் போட்டு விற்பதை வாங்கினார்கள். முழுக் கருவாடு போய் வெறும் தலை மட்டும். மசாலாக் கட்டி ஒன்றை உடைத்துப் பாதியை நாளைக்கு என்று துணியில் சுற்றி வைத்தார்கள். சோப்பைக்கூடக் கடைக்காரி கம்பியால் அறுத்துத் துண்டு துண்டாக விற்றாள். சந்தையில் சுருங்காதது ஒன்றே ஒன்றுதான். பேருந்து நிற்கும் இடத்தில் புதிதாக வந்த பந்தயக் கடை. அங்கே மட்டும் காலையிலிருந்து ஆம்பிளைகள் கூட்டம். எங்கோ வெள்ளைக்காரன் ஊரில் உதைக்கிற பந்துக்கு இங்கே காசு கட்டிவிட்டு, போன் திரையைப் பார்த்தபடி வாயைப் பிளந்து நிற்பார்கள்.

அயீனேவும் அங்கேதான் நிற்கிறான் என்று கருவாட்டுக்காரி சொன்னபோது அயின்போக்கா நம்பவில்லை. அப்புறம் ஒரு விடியலில், அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போன பிறகு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். குதிரில் ஏறிப் பார்த்தாள்.

வளவின் நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது அந்த மண் குதிர். அயீனேவின் அப்பா கட்டியது. அயீனேவும் அவன் தம்பியும் சேர்ந்து விளைவித்த கம்பு முழுதும் அதற்குள் போகும். படி வெட்டிய மர ஏணியைச் சாய்த்து, கூரைத் தொப்பியைத் தூக்கி, உள்ளே இறங்கும் உரிமை வீட்டுக்கு மூத்த ஆண் ஒருவனுக்குத்தான். அவன் உயிரோடு இருக்கிறவரை தம்பிகூட ஏறக்கூடாது. பெண்டாட்டி எட்டிப் பார்த்தாலே அன்றைக்கே அவள் அப்பன் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும். பிள்ளைகள் இங்கேயே இருந்துவிடும். பக்கத்து வளவில் ஒருத்தி அப்படித்தான் போனாள். இப்போது சந்தை நாளில் தூரத்தில் நின்று தன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அயின்போக்காவுக்கு நான்கு பிள்ளைகள். அது தெரிந்தேதான் ஏறினாள். தொப்பியை ஓரமாக நகர்த்திப் பார்த்தபோது தரை தெரிந்தது. வெறும் மண் தரை. எலிப்புழுக்கை, கொஞ்சம் உமி. சத்தம் போடாமல் இறங்கி, ஏணியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அடுப்பை மூட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அயீனே விடியுமுன் குதிருக்குள் இறங்குவான். குடுக்கையில் கம்போடு வெளியே வருவான். அந்தக் கம்பு அவன் ஏறும்போதே அங்கிக்குள் இருந்தது. சந்தையில் டின் அளவில் வாங்கி, வயிற்றோடு கட்டிக்கொண்டு ஏறி, உள்ளே நின்று குடுக்கையில் கொட்டிக்கொண்டு இறங்கினான். அந்த டின்னும் வாரத்துக்கு வாரம் சிறியதானது. "புதுக் கம்பு வர்றவரைக்கும் கைய அடக்கித்தான் புழங்கணும்" என்று இரண்டு பெண்டாட்டிகளுக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் பிரித்து அளப்பான். அயின்போக்கா பிட்டோவுக்கு வைத்த முளைச்சோளத்தில் கொஞ்சம் எடுத்து அரைத்துக் களியில் கலந்துவிடுவாள். அவன் கண்டும் காணாமல் தின்பான்.

தம்பி அபோயா தோங்கோ மலைப் பக்கத்துத் தங்கக் குழியில் வேலை பார்த்தான். அவன் பெண்டாட்டி அசம்பானாவிடம் கலக்க ஒன்றும் இல்லை. அவள் பிள்ளைக்குக் கால் இரண்டும் வீங்கி, முடி செம்பட்டையாகி, பிறகு அழுவதையும் நிறுத்திக்கொண்டது. அசம்பானா அதை முதுகில் கட்டிக்கொண்டு போங்கோ ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவள் போன மறுநாள் கணக்கெடுக்கிறவன் வந்தான்.

திமதி என்று பேர். பொல்கா டவுன்காரப் பையன். கையில் பலகை மாதிரி ஒரு கருவி. ஒவ்வொரு குடும்பமும் என்ன தின்கிறது, எதற்குச் செலவழிக்கிறது என்று சர்க்காருக்கு எழுதவேண்டுமாம். வேப்ப மரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்தான். பக்கத்து வளவுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"ஒரே பானையில சாப்பிடுறவங்க ஒரு குடும்பம். உங்க வீட்டுல எத்தன குடும்பம்ண்ணே?"

"பானை மூணு, குதிரு ஒண்ணு," என்றான் அயீனே. "உன் பெட்டி என்ன சொல்லுது? நாங்க ஒரு குடும்பமா, மூணா?"

கூட்டம் சிரித்தது. திமதியும் சிரித்துவிட்டு எதையோ தட்டினான். பிறகு அயின்போக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா, போன ஏழு நாள்ல மீனு, கருவாடு?"

"தலை," என்றாள் அவள்.

"தலைன்னா?"

"கருவாட்டுத் தல தம்பி. உடம்ப வேற யாரோ வாங்கிட்டாங்க."

தலாட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அயீனே சிரிக்கவில்லை. அவன் தாடை இறுகுவதை அயின்போக்கா பார்த்தாள்.

"எறச்சி?"

"யார் வீட்டு எறச்சி?" என்றாள் தலாட்டா. மறுபடியும் சிரிப்பு.

"போன் செலவு, லாட்டரி, பந்தயம் இப்படி ஏதாவது?"

இதற்குக் கூட்டத்தில் அகுருகு என்பவன் தொண்டையைச் செருமினான். "அத எங்க அயீனேகிட்ட கேளு தம்பி. எந்த டீம் எத்தன கோல் போடும்னு ரேடியோக்காரனவிட அவனுக்கு நல்லாத் தெரியும்."

"நான் சம்சாரி," என்றான் அயீனே. "ஏர் பிடிக்கிறவன். எனக்கெதுக்கு பந்தயம்?"

"அப்ப சரிண்ணே. கையிருப்பு. குதிருல இப்ப எவ்வளவு இருக்கும்?"

மற்ற வளவுகளில் இந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். ஒண்ணும் இல்ல தம்பி, எலி தின்னுபோச்சு, சர்க்காருதான் பாக்கணும். இருக்கிறவன்கூட இல்லை என்றான். இல்லை என்று சொன்னால் பிற்பாடு ஏதாவது மாவு, எண்ணெய் வந்தாலும் வரும். ஆனால் அகுருகு செருமிய செருமலுக்குப் பிறகு, ஊர் முன்னால், அப்பன் கட்டிய குதிருக்குக் கீழே நின்றுகொண்டு, இல்லை என்கிற வார்த்தை அயீனேவின் வாயில் வரவில்லை. மற்றவர்களுக்குப் பொய்யாக இருந்தது அவனுக்கு நிஜமாக இருந்ததால் வரவில்லை.

"ஆறு மூட்டை," என்றான்.

"ஆறா?"

"எழுதிக்கோ. ஆறு."

அயின்போக்கா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திமதியின் மோட்டார் சத்தம் மறைவதற்குள் சைக்கிள் டியூப் அயீனேவின் கைக்கு வந்துவிட்டது. "தலையா? உடம்ப யாரோ வாங்கிட்டாங்களா? ஊர் முன்னால என்னைப் பிச்சக்காரன் ஆக்குறியாடி?" முதல் வீச்சு தோளில் விழுந்தது. இரண்டாவது புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியதால் மூன்றாவது எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. உரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் நான்கும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றன. சத்தம் போட்டால் அடி கூடும் என்பது கடைக்குட்டிக்குக்கூடத் தெரியும். தலாட்டா வந்து நடுவில் நின்று, "போதும்ய்யா, நாளைக்கு அவ மொற. கை ஒடஞ்சா களி யாரு கிண்டுவா?" என்ற பிறகுதான் விட்டான்.

அன்றைக்கே ஆறு மூட்டை என்கிற பேச்சு சந்தைக்குப் போனது. சந்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு. பிள்ளைச் செய்தி கேட்டுக் குழியிலிருந்து நேரே வந்த அபோயா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் அவன் வளவுக்குள் நுழைந்தான். கையில் பிக்காசியின் பிடிக்கட்டை. இரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்திருந்தான். உடம்பெல்லாம் குழி மண் அப்பியிருந்தது. அயின்போக்கா உரலில் முளைச்சோளம் இடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அவன் எங்க?"

"உள்ள இருக்காரு. கட்டைய வெச்சுட்டு மொதல்ல தண்ணி குடி அபோயா. புள்ளைக்கு எப்படி இருக்கு?"

"கைல ஊசி ஏத்தியிருக்காங்க. நர்சம்மா கேக்குறா, ஒங்க வீட்டுல அடுப்பே எரியறதில்லையான்னு. நான் என்ன சொல்றது அண்ணி?"

அயீனே வெளியே வந்தான். தம்பியின் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான். உள்ளே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"என்னடா, மம்மட்டியத் தூக்கிட்டு வயலுக்குப் போகாம கட்டையத் தூக்கிட்டு வீட்டுக்கு வர்ற?"

"ஆறு மூட்டையாமே."

"யார் சொன்னா?"

"நீதான் சொன்னியாம். ஊரே சொல்லுது. அதுல பாதி என் வேர்வ. அசம்பானாவுக்குக் கைப்பிடி கைப்பிடியா அளந்தியே, அப்ப எங்க போச்சு அந்த ஆறு மூட்ட?"

"குதிரு எம்பொறுப்பு. எப்பத் தெறக்கணும், எவ்வளவு எடுக்கணும்னு எனக்குத் தெரியும். நீ குழியில எலி மாதிரி நோண்டிக்கிட்டு..."

கட்டை அவன் முட்டியில் இறங்கியது. அயீனே ஒரு பக்கமாகச் சாய்ந்தான். எழுந்து தம்பியின் இடுப்பைப் பிடித்து முட்டினான். இருவரும் அடுப்பு மேல் விழுந்தார்கள். பிட்டோப் பானை ஒன்று உடைந்து, கொதித்தது அபோயாவின் கையில் கொட்டியது. அவன் கத்தவில்லை. வெந்த கையாலேயே அண்ணனின் தலைமுடியைப் பற்றி முகத்தைத் தரையில் அடித்தான். அயீனேவின் முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தன. கினிக்கோழிகள் கூரை மேல் ஏறிக் கூவின. பக்கத்து வளவுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அபோயா கட்டையைச் சுழற்றியதும் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

"தெறந்து விடு. ஒரே ஒரு மூட்ட. எம்புள்ளைக்கு."

"தர மாட்டேன்."

கட்டை விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அயின்போக்கா வரைக்கும் கேட்டது.

"இருக்கா இல்லையா? சொல்லுடா!"

"இருக்கு," என்றான் அயீனே, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "நெறைய இருக்கு. ஒனக்குத் தர மாட்டேன். என்ன புடுங்குவ?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அடி நின்றுவிடும். அயின்போக்கா அவன் வாயையே பார்த்தாள். அந்த வாய் அதைச் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது. கஞ்சன், பாவி, பிள்ளையைக் கொன்றவன் என்று பேர் வாங்கிக்கொண்டு சாவான். குதிர் காலியானவன் என்று பேர் வாங்க மாட்டான்.

அபோயா மூச்சு வாங்க நின்றான். குதிர்ப் பக்கம் நிமிர்ந்து பார்த்தான். ஏணி அங்கேயே கிடந்தது. அவன் குரல் தணிந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

"நீ இருக்கறவரைக்கும் நான் ஏறக்கூடாது. சரிதானே? அப்பா சொல்லிட்டுப் போன சட்டம். சரி. நீ இல்லாமப் போனா அடுத்த மூத்தவன் நான்தானே."

கட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான்.

அயின்போக்கா மனசில் அப்போது ஓடியது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். புருவத்தில் நேற்றைய காயம் இன்னும் துடித்தது. இவன் செத்தால் தம்பி ஏறுவான், வெறும் தரையைப் பார்ப்பான். பிறகு போலீஸ் ஜீப் வரும், தம்பியைக் கொண்டுபோகும். ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளைக்கு அப்பன் இருக்கமாட்டான். உமிக்காக ஒரு சாவு, ஒரு ஜெயில். அவள் வாயைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றால், ஒனக்கெப்படித் தெரியும் என்று ஊர் கேட்கும். அதற்குப் பதில் சொன்னால் அவள் நான்கு பிள்ளைகளும் இந்த வளவோடு போச்சு.

கையில் உலக்கை இருந்தது. அதோடு குதிர்ப் பக்கம் ஓடினாள்.

முதல் குத்தில் மண் பொருக்கு உதிர்ந்தது. "ஏய்! ஏய்!" என்று வாசலில் அலறினார்கள். இரண்டாவது குத்தில் விரிசல் விட்டது. அபோயா தூக்கிய கட்டையோடு திரும்பிப் பார்த்தான். அப்பன் குழைத்து, வைக்கோல் கலந்து, விரலால் தடவித் தடவி எழுப்பிய சுவர். அயின்போக்கா பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். தோள் பட்டை கழன்றுவிடும் போல் வலித்தது. ஒரு தலை நுழைகிற அளவுக்குச் சுவர் பெயர்ந்து உள்ளே விழுந்தது.

ஆறு மூட்டைக் கம்பு இருந்திருந்தால் அது அப்போது அவள் காலடியில் பீறிட்டுக் கொட்டியிருக்க வேண்டும். தூசி வந்தது. கொஞ்சம் உமி வந்தது. ஒரு ஓணான் தலையை நீட்டி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சுவர் மேல் ஓடியது.

வாசலில் நின்ற சிலர் கிட்டே வந்தார்கள். அகுருகு மட்டும் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "அடப்பாவி" என்றான்.

அயீனே அசைந்தான். நடக்க முடியவில்லை. ஒரு கையை விலாவில் அழுத்திக்கொண்டு, மறு கையால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு ஊர்ந்து வந்தான். தம்பியைத் தாண்டினான், பெண்டாட்டியைத் தாண்டினான். குதிர் ஓட்டையின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அதை அடைத்துக்கொண்டான். எல்லாரும் பார்த்து முடித்த பிறகும், இனி யாரும் பார்க்கக்கூடாது என்பதுபோல உட்கார்ந்திருந்தான்.

அபோயாவின் கையிலிருந்து கட்டை விழுந்தது. வெந்த கையைத் தூக்கிப் பார்த்தான். அப்போதுதான் வலி தெரிந்ததுபோல் முகம் சுளித்தான்.

"எங்கடா போச்சு அவ்வளவும்?" என்றான். "சொல்லியிருந்தா குழியிலேருந்து ஏதாவது கொண்டுவந்திருப்பேனே. நான் ஒன்னைக் கொல்லப் பாத்தேனே. ஒண்ணுமே இல்லாததுக்குக் கொல்லப் பாத்தேனே."

அயீனே அவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த சுவர்க் கட்டி ஒன்றைப் பொறுக்கி அயின்போக்கா மேல் எறிந்தான். வாயோரத்தில் பட்டு உதடு கிழிந்தது.

"போடி. இப்பவே போ. அப்பன் குதிர ஒடச்சவ இந்த வளவுல நிக்கக்கூடாது. புள்ளைங்க இங்கதான் இருக்கும். தனியாப் போ."

அவள் உலக்கையை இறக்கவில்லை. இன்னொரு கட்டியை எடுக்க நீண்ட அவன் கையின் மேல் அதை ஓங்கிப் போட்டாள். பதினைந்து வருஷத்தில் அவள் அவன் மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அவன் கத்தினான். அவளுக்கு நிம்மதியும் வரவில்லை, பயமும் வரவில்லை. வலது கையால் இனி டியூப் பிடிக்க மாட்டான் என்று மட்டும் தோன்றியது.

வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், "பொம்பள தப்புப் பண்ணிட்டா. சட்டம்னா சட்டம். புள்ளைங்க வீட்டுக்குச் சொந்தம்" என்று ஆரம்பித்தார்.

"எந்த வீட்டுக்கு?"

கேட்டவள் தலாட்டா. தன் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கித் தலையில் ஏற்றியிருந்தாள். கைக்குழந்தை ஏற்கெனவே முதுகில் ஏறியிருந்தது.

"குதிர்ல கம்பு இருந்தா அது வீடு தாத்தா. புள்ளைங்களுக்கு அது போடும், அதனால அதுக்குச் சொந்தம். இதுல என்ன இருக்கு? ஓணான் இருந்துச்சு, அதுவும் ஓடிருச்சு. வேணும்னா நீங்க வெச்சுக்குங்க நாலையும், ஒங்க வீட்டுக் களிய ஊத்தி வளருங்க. சம்மதமா?"

பெரியவர் தன் வளவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கேயும் இன்னும் அடுப்பு புகையவில்லை.

அபோயா தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான்தானே அடுத்த மூத்தவன்," என்றான் மெதுவாக. "நான் சொல்றேன் அண்ணி. கூட்டிட்டுப் போங்க. இதுல கம்பு ஏறுற அன்னிக்கு நானே வந்து கேக்குறேன். அதுவரைக்கும் கேக்க எங்களுக்கு வாயில்ல."

"ஒன் புள்ளைக்கு?" என்றாள் அயின்போக்கா.

அவள் உரலில் இடித்து வைத்திருந்த சோளமாவை வழித்து, ஒரு துணியில் முடிந்து அவன் மடியில் போட்டாள். "அசம்பானாகிட்ட குடு. தண்ணியாக் காய்ச்சி ஊட்டச் சொல்லு. மொதல்ல அந்தக் கையில யாராவது ஷியாக் கொட்டை வெண்ணெய் தடவுங்க." உடையாமல் மிஞ்சிய பானையை மூத்த மகள் தலையில் ஏற்றிக்கொண்டாள். நடுப்பையன்கள் இரண்டு பேரும் பாயையும் குடுக்கைகளையும் எடுத்தார்கள். அயீனே ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பல் போன வாயில் பேர்கள் குழறின. கடைக்குட்டி மட்டும் நின்று திரும்பிப் பார்த்தது. மூத்தவள் அதன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

பாதை பிரியும் இடத்தில் தலாட்டா நின்றாள். அவள் அப்பன் ஊர் மேற்கே. அயின்போக்காவுக்குக் கிழக்கே.

"அந்தக் கையில ஓங்கிப் போட்டியே அக்கா," என்றாள். "நான் பாத்தேன். இன்னொண்ணு போட்டிருக்கலாம்."

"ஒதடு எரியுது. சிரிக்க வைக்காத. போ."

கிழக்குப் பாதையில் மழை வருகிற காற்று அடித்தது. கடைக்குட்டி அவள் துணியைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, தாத்தா வீட்டுக் குதிர்ல கம்பு இருக்குமா?"

அயின்போக்கா உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"தெரியாது," என்றாள். "நடங்க."